காயில் கட்டத் தெரியும் என்பதற்கு ஒரு சான்று

1994ஆம் ஆண்டு ஜூலை 18, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெயில் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஆடி பிறந்துவிட்டதால் காற்றும் இருந்தது. பட்டறையின் தகரக் கூரை படபடத்துக்கொண்டே இருந்தது. தஞ்சாவூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் மின்பட்டறையில், காலையிலிருந்து நான் காயில் கட்டி முடித்த மோட்டாருக்குத் தேர்வாளர் கரண்ட் கொடுத்தார்.

மோட்டார் ஓடியது. ஆனால் உறுமிக்கொண்டு ஓடியது. தேர்வாளர் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை ஒயரில் கவ்வவிட்டுப் பார்த்தார். முள் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அவர் புருவம் தெரிந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் கம்பியின் எனாமல் பூச்சு சூடேறும் வாசனை வந்தது. அந்த வாசனையை இருபது வருடமாக முகர்ந்தவன் நான். அடுத்தவர் கட்டிய மோட்டாரில் வந்தால் எனக்கு வேலை வந்தது என்று அர்த்தம். என் கண்முன்னே என் மோட்டாரில் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"எத்தனை சுத்து போட்டீங்க?"

"அறுவது சார்."

"பழைய காயில்ல எத்தனை இருந்துச்சு? எண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். எழுவத்திரண்டு."

"எண்ணிப் பாத்துட்டா அறுவது போட்டீங்க?"

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு.

"எந்த ஊர் நீங்க?"

"குடவாசல் பக்கம் சார்."

"அதானே," என்றார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்பது புரிய, எங்கள் ஊர் கரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டாருக்குள்ளே செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செருகியிருப்பதைத்தான் காயில் என்கிறோம். கருகிப்போன காயிலைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவது என் தொழில். ஒவ்வொரு காயிலிலும் எத்தனை சுற்று என்பது மோட்டார் செய்த கம்பெனி முடிவு செய்தது. நானூற்றுப் பதினைந்து வோல்ட் வரும் என்று நம்பி முடிவு செய்தது. எங்கள் பக்கம் குறுவைக்கு எல்லாப் பம்புசெட்டும் ஒரே நேரத்தில் ஓடும். மூன்று பேஸ் கரண்ட் விட்டதும் ஊரே ஓடிப்போய் சுவிட்சைப் போடும். முந்நூற்று நாற்பது வந்தால் அன்றைக்கு நல்ல நாள். கம்பெனி கணக்குப்படி கட்டிய மோட்டார் அந்தக் கரண்டில் முனகும், தண்ணீரை இழுக்காது, கடைசியில் கருகும். அதனால் எங்கள் பக்கத்தில் காயில் கட்டுகிற எல்லோரும் சுற்றைக் குறைத்து, கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போடுவோம். எழுபத்திரண்டு இருந்தால் அறுபது. நாற்பத்து நான்கு இருந்தால் முப்பத்தாறு. அப்படிக் கட்டினால் குறைந்த கரண்டிலும் மோட்டார் இழுக்கும், முழு கரண்ட் வந்தால் சூடேறும். "அவன் கட்டினா செத்த கரண்ட்லயும் தண்ணி வரும்" என்று என்னைப் பற்றி நாலு ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பயிற்சி நிலையத்துக்கு வெளியே, மதிலை ஒட்டி, அவர்களுக்கென்றே ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். பார்க்கவும் செய்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் எத்தனை சைக்கிள் என்றுகூட எண்ணியவன், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்தால் உள்ளே முழு கரண்ட் வரும் என்று நினைக்கவில்லை.

"உங்க ஊருக்கு இது நல்ல மோட்டார்தாங்க," என்றார் தேர்வாளர். "வேலை சுத்தமா இருக்கு. பேப்பர் வச்சது, முடிச்சு கட்டினது, ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்த பெஞ்சுல எரியுதே. இத நான் எப்படிப் பாஸ் போடறது?"

அவர் சொன்னது சரி. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

எதற்காக இந்த வயதில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்வு எழுதினேன் என்று கேட்கலாம். பணத்துக்காக என்றுதான் ஊரில் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் நான். அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கும்பகோணத்தில் ஒரு மோட்டார் கடையில் சேர்ந்து, கம்பி சுற்றக் கற்றுக்கொண்டு, 1984இல் குவைத்துக்குப் போனேன். விசாவில் ஹெல்பர் என்று எழுதியிருந்தது. அங்கே ஆறு வருடம் மோட்டார்தான் கட்டினேன், ஆனால் காகிதத்தில் ஹெல்பர். சுற்றுகிற எந்திரத்தில் ஓர் எண் இருக்கும். அதை டெக்னீஷியன் வந்து வைத்துவிட்டுப் போவார். அந்த எண் வந்ததும் எந்திரம் நிற்கும். நான் எடுத்துச் செருகுவேன். எண்ணைத் தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லை.

அந்த டெக்னீஷியன் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருந்தார். நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். இரண்டு அறை வீடு, அவருடைய மனைவி, கைக்குழந்தை. சாப்பிட்டுவிட்டு நான் என் அறைக்குத் திரும்புவேன். அங்கே பதினோரு பேர். ஒருநாள் அந்தப் பெண் சாதம் போட்டுக்கொண்டே, "உங்க வீட்லயும் கூட்டிட்டு வந்திருங்களேன், எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்," என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஹெல்பர் விசாவுல பேமிலி கூட்டியார முடியாதும்மா," என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டால், துணி துவைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

எனக்குக் கல்யாணம் 1982இல். மகள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. முதல் தடவை என்னைப் பார்த்தபோது அவள் ஒன்றரை வயதுக் குழந்தை, பயந்து வீறிட்டாள். ஆறு வருடத்தில் இரண்டு விடுமுறை, ஒவ்வொன்றும் அறுபது நாள். குவைத்தில் சண்டை வந்த வருடம், கட்டியிருந்த துணியோடு ஊர் வந்து சேர்ந்தேன். என் மனைவி வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொட்டி எங்க?" என்றாள். "பொட்டி வரல," என்றேன். "நீங்க வந்துட்டீங்கல்ல, போதும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிறகு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள்.

நான்கு வருடம் சொந்தக் கடை நடத்தினேன். சுற்று எண்ணை நானே தீர்மானித்தேன், அறுபது, முப்பத்தாறு. அப்போதுதான் குடவாசல் கடைத்தெருவில் எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்த பாய், கம்பி வாங்கப் போன என்னை உட்காரச் சொன்னார். அவருடைய மச்சான் ஷார்ஜாவில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார்.

"மச்சானுக்கு காயில் கட்ட ஒரு வைண்டர் வேணுமாம்பா. உன்னத்தான் சொல்லியிருக்கேன். டெக்னீஷியன் விசா, ஆனா கவர்மெண்டு சர்டிபிகேட்டு கேக்குறாங்க. இருக்கா?"

"எனக்கு ஏது பாய் சர்டிபிகேட்டு?"

"அப்ப ஹெல்பர் விசாதான் எடுக்க முடியும். வேலை என்னமோ அதே வேலைதான்."

"ஹெல்பர்னா நான் வரல பாய்."

"ஏன்பா, சம்பளம் கம்மின்னா? பேசிக்கலாம்பா."

"டெக்னீஷியன் விசான்னா வீட்ட கூட்டிட்டுப் போகலாமா பாய்?"

பாய் அளந்துகொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "போகலாம்," என்றார். பிறகு, "அதச் சொல்லேன் நேரா. நான் பாட்டுக்கு சம்பளத்தப் பத்திப் பேசிட்டிருக்கேன்," என்றார்.

தொழில் தெரிந்தவர்கள் பயிற்சி நிலையத்தில் படிக்காமலேயே தனித்தேர்வராக எழுதி, படித்தவர்களுக்குக் கொடுக்கிற அதே சான்றிதழை வாங்கலாம் என்று விசாரித்துச் சொன்னவரும் அவர்தான். மச்சான் அடுத்த சித்திரை வரை காத்திருப்பார் என்றும் சொன்னார். அதற்குள் தாள் வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பதற்றப்படவே இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பெயிலாயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் முதல்லயே அத கேக்குற?"

"நீங்கதான் எல்லாத்துக்கும் முதல்லயே அத யோசிப்பீங்க. இன்னைக்கு யோசிக்கலையே, அதான் நான் கேட்டேன்."

"பெயிலானா ஹெல்பரா போகணும், இல்லன்னா போகாம இருக்கணும்."

"தனியா போறதா இருந்தா போக வேண்டாம். கடை போதும். இன்னொரு ஆறு வருஷம் என்னால ஆகாது. இப்பவே சொல்லிட்டேன்."

விண்ணப்பத்தோடு அனுபவச் சான்று கேட்டார்கள். சொந்தக் கடைக்கு நானே எழுதிக் கொடுத்தால் செல்லாது. குவைத்துக் காகிதமோ ஹெல்பர் என்று சொல்லும், அதுவும் சண்டையில் போய்விட்டது. உரிமம் உள்ள தொழிற்கூடம் எழுதித் தர வேண்டும். பக்கத்தில் அப்படி இருந்தது ஒரு நவீன அரிசி ஆலை. அங்கே எந்த மோட்டார் எரிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆலை முதலாளியிடம் போனேன். தவிட்டுத் தூசியில் புருவம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இதுவரைக்கும் எத்தன மோட்டார் கட்டின?"

"முப்பத்தொண்ணு முதலாளி. நெல்லு ஏத்துற எலிவேட்டர் மோட்டார் மட்டும் நாலு தடவை."

"அத எதுக்கு நாலு தடவ கட்டின?"

"உங்க ஆளு பெல்ட்ட இறுக்கிக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது?"

"யோவ், கையெழுத்துக் கேக்க வந்தவன் மாதிரியா பேசுற?" என்று கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "இதுல நான் கையெழுத்துப் போட்டா நீ பறந்துடுவ. அப்புறம் என் மோட்டார யாரு கட்டுறது?"

"பாஸானாத்தானே முதலாளி பறக்கறது."

"அதுவும் சரிதான்," என்று போட்டுக் கொடுத்தார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நான் பெயிலாவேன் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டாரோ என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

இப்படியெல்லாம் சேகரித்துப் போய் எழுதிய தேர்வில்தான் அந்த மோட்டார் உறுமியது. எழுத்துத் தேர்வு, கணக்கு, வரைபடம் எல்லாம் பாஸ். செய்முறை பெயில். அறிவிப்பு வர இன்னும் நாட்கள் இருந்தன, ஆனால் எனக்கு அன்று மூன்றே காலுக்கே தெரியும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், கும்பகோணத்திலிருந்து குடவாசல், இரண்டு பஸ்ஸிலும் ஜன்னலோரம் கிடைத்தது. அதுகூட எரிச்சலாக இருந்தது. வாய்க்காலெல்லாம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வழியில் எத்தனை மோட்டார்க் கொட்டகை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏன் அறுவது போட்டீங்க?"

"நம்ம ஊர்ல அதானே போடுவோம்."

"அது தஞ்சாவூரு ஆச்சே."

"தஞ்சாவூருக்கும் இதே கரண்ட்டுதான்னு நெனச்சேன்."

"ஷார்ஜாவுல எந்தக் கரண்ட்டு?"

"அங்கயும் நானூத்தி பதினஞ்சுதான். அசையாம நிக்கும்."

"அப்ப அங்க போயும் அறுவது போட்டு அவங்க மோட்டாரையும் கொளுத்தியிருப்பீங்க. இங்கயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு." மகளைப் பார்த்து, "உங்கப்பா பெயிலு, நீ போயி ஒழுங்காப் படி," என்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அரை மணி கழித்து மனைவியே வந்து கூப்பிட, போய்ச் சாப்பிட்டேன்.

படுத்தபிறகு அவள் சொன்னதை யோசித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். குவைத்தில் எண்ணை இன்னொருவர் வைத்தார். ஊரில் எண்ணை ஊர் வைத்தது. ஒரு மோட்டார் முழு கரண்டில் எப்படி ஓட வேண்டும் என்பதை நானாகக் கட்டி, நானாக ஓட்டி, ஒருநாளும் பார்த்ததில்லை. இருபது வருட அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதிய எனக்கு இது ஒரு குறைதான்.

செய்முறையை மட்டும் மறுபடி எழுதலாம், அடுத்த தேர்வு தை மாதத்தில் என்றார்கள். சித்திரைக்குள் முடிவு வந்துவிடும், வந்தாக வேண்டும். நான் கம்பெனி எண்ணுக்குக் கட்டிப் பழக ஆரம்பித்தேன். கட்டுவது கஷ்டமில்லை. ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. எழுபத்திரண்டு சுற்றில் கட்டிய மோட்டாரை என் கடையில் ஓட்டினால், நோயாளி மாதிரி முனகியது. இது நன்றாகக் கட்டியதா, இல்லையா? முனகல் என் தப்பா, ஊர்க் கரண்டின் தப்பா? சொல்ல முடியாது. ஊரில் நானூற்றுப் பதினைந்து வோல்ட் இருக்கிற ஒரே இடம் அரிசி ஆலையின் ஜெனரேட்டர்தான்.

மறுபடி முதலாளியிடம் போனேன்.

"என்ன, பாஸா?"

"பெயிலு முதலாளி."

"பெயிலா?" அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "நீ எப்படிய்யா பெயிலான?" என்று கோபமாகவே கேட்டார். சொன்னேன். விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "அப்ப என் ஆலையில கட்டின முப்பத்தொண்ணும் அறுவதுதானா?" என்றார்.

"உங்களுக்கு லைன் கரண்ட்டுக்குக் கட்டினேன் முதலாளி."

"நான் பாதி நாளு ஜெனரேட்டர்ல ஓட்டுறேனேய்யா. எலிவேட்டர் மோட்டாரு நாலு தடவ ஏன் எரிஞ்சதுன்னு இப்பத் தெரியுது. பெல்ட்டாம், இறுக்கினானாம்."

அவர் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழம ஜெனரேட்டர இவருக்குப் போட்டு விடு. டீசல் இவரு செலவு," என்றார். கொஞ்சம் கழித்து, "எலிவேட்டர் மோட்டார கம்பெனி நம்பருக்குக் கட்டிக் குடுத்துட்டுப் போ. அதுக்குக் கூலி கெடையாது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் கூட வந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "பெயிலானத பாக்கல, பாஸாகறதயாவது பாக்கறோம்," என்றாள் மனைவி. ஆலை ஓடவில்லை, நெல் காயப்போடும் களம் காலியாக இருந்தது. ஜெனரேட்டரைப் போட்டு, மீட்டரில் நானூற்றுப் பதினைந்து நிற்பதை மூன்று தடவை பார்த்துவிட்டு, என்னுடைய எழுபத்திரண்டு சுற்று மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தேன். ஜெனரேட்டர் வெளியே கொட்டகையில் இரைந்துகொண்டிருந்தது. மோட்டார் பக்கத்தில் நின்றிருந்த எங்களுக்கு மோட்டாரின் சத்தமே கேட்கவில்லை.

என் மனைவி குனிந்து பார்த்து, "ஓடுதா, இல்லையா?" என்றாள்.

"ஓடுது."

"சத்தம் இல்லையே."

"இப்படித்தான் ஓடணும்."

டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டேன். மோட்டார் தகட்டில் அடித்திருந்த அளவுக்குப் பாதிக்கும் கீழே முள் நின்றது. அரை மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரின் உடம்பில் கை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மகளையும் கை வைக்கச் சொன்னேன். அவள் வைத்துப் பார்த்து, "காச்சல் இல்லப்பா," என்றாள். அதையும் சேர்த்துப் பொங்கல் வரை ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு மோட்டார் கட்டி ஓட்டினேன். டீசல் விலையைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அதே பட்டறை, அதே தேர்வாளர். குலுக்கலில் எனக்கு வந்தது வேறு மோட்டார், பழைய காயிலில் அறுபத்தாறு சுற்று. எழுதிவைத்துக்கொண்டேன். சுற்ற ஆரம்பித்தேன். ஊர்க் கணக்கான ஐம்பத்தைந்து வந்ததும் கை தானாக நின்றது. பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் என்னைப் பார்ப்பது போல இருந்தது, பார்த்தால் அவன் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மீதிப் பதினொன்றைச் சுற்றினேன். பன்னிரண்டு காயிலிலும் ஒவ்வொரு தடவையும் ஐம்பத்தைந்தில் கை நின்றது, ஒவ்வொரு தடவையும் அதைத் தள்ளிக்கொண்டுபோய் அறுபத்தாறில் விட்டேன். போதுமான நேரம் இருந்ததால் பன்னிரண்டையும் மறுபடி எண்ணினேன்.

தேர்வாளர் வந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது ஊர் நம்பரா, கம்பெனி நம்பரா?"

"கம்பெனி நம்பர் சார்."

"எண்ணினீங்களா?"

"ரெண்டு தடவை சார்."

சுவிட்சைப் போட்டார். அவர் டாங் டெஸ்டரை மாட்டும்போது நான் இந்தத் தடவை முள்ளைப் பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் அப்படியே ஓடவிட்டுவிட்டு மற்ற பெஞ்சுகளைப் பார்க்கப் போனார். நான் மோட்டாரை விட்டு நகரவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்து கை வைத்துப் பார்த்தார்.

"சரி, இந்த மோட்டார உங்க ஊர்ல மாட்டினா என்ன ஆகும்?"

"காலம்பற நாலு மணிக்கு நல்லா ஓடும் சார். ஆறு மணிக்கு எல்லாரும் எழுந்துட்டா முனகும். எட்டு மணிக்கு என்ன வந்து திட்டுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்துப் பெஞ்சுப் பையன்களும் சிரித்தார்கள். "இதத்தான் போன தடவையே கேட்டிருக்கணும் நான்," என்று சொல்லிக்கொண்டே மதிப்பெண் தாளில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் எண்ணைப் படிக்க முடியும். படித்தேன்.

முடிவு பங்குனியில் வந்தது. சான்றிதழ் வந்த உறையைக் கடைத்தெருவில் பிரிக்க மனமில்லாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். அதில் என் பெயர், அப்பாவின் பெயர், தொழிலின் பெயர் இருந்தன. மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டித் தொழிலின் பெயரை வாசித்தாள். "இதுல எங்கயும் ஹெல்பர்னு போடலையே," என்றாள். "போடல," என்றேன். அவளே எடுத்துப் போய்ப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். நான் போய் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மறுபடி வைத்தேன்.

பாய் கடையில் அன்று டீயும் சமோசாவும் வந்தன. "மச்சானுக்கு போன் போட்டுட்டேன். இனிமே உன்ன என்னன்னு கூப்புடறது? டெக்னீஷியன் சார்னா?" என்றார். கடையில் இருந்த இரண்டு விவசாயிகள், "அப்ப எங்க மோட்டார யாரு கட்டுவா?" என்று கேட்டார்கள். அது நியாயமான கவலைதான். கும்பகோணத்தில் நல்ல ஆள் இருக்கிறார் என்று சொல்லி, அவரிடம் எத்தனை சுற்று குறைக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். முதலாளி மட்டும், "எலிவேட்டர் மோட்டாரு இன்னும் எரியல. அதுக்காக உனக்கு ஒரு வேட்டி," என்று கொடுத்தனுப்பினார்.

சித்திரை முடிவதற்குள் விசா வந்தது. அதில் டெக்னீஷியன் என்று இருந்தது. நான் முதலில் போய், வீடு பார்த்து, பிறகு மனைவிக்கும் மகளுக்கும் விசாவுக்கு எழுதிப் போட வேண்டும். அங்கே போனதும் இன்னொரு சங்கடம். இவள் என் மனைவி என்பதற்கும் தாள் கேட்டார்கள். எங்கள் கல்யாணத்தை எங்கும் பதியவில்லை. ஊருக்குத் தகவல் போனது. அவளே கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, சாட்சிக்குப் பாயையும் முதலாளியையும் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாளாம். நான் நேரில் இருந்தால்தான் பதிய முடியும் என்றதும், ஒரு வாரம் விடுப்பெடுத்து நானே வந்து கையெழுத்துப் போட்டேன். பதின்மூன்று வருடம் கழித்து நடந்த அந்தக் கல்யாணத்தில் பாய் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். "டெக்னீஷியன் ஆக பத்து மாசம் ஆச்சு, புருஷன் ஆக ஒரு நாள் போதும் போல," என்றார் முதலாளி. என் மனைவி, "டெக்னீஷியன் பொண்டாட்டி ஆக எனக்கும் பத்து மாசந்தாங்க ஆச்சு," என்றாள்.

1995 நவம்பரில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே போய் நின்றேன். மகள் ஓடி வந்தாள், வீறிடவில்லை. வீடு இரண்டு அறை. ஒன்றின் ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரியும், ஆனாலும் ஜன்னல்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை மனைவி மீன் குழம்பு வைத்தாள். பட்டறையில் புதிதாக வந்திருந்த இரண்டு ஹெல்பர்களைச் சாப்பிடக் கூட்டி வந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். இருவரில் ஒருவர் மயிலாடுதுறைப் பக்கம். மோட்டார் கட்டத் தெரியும், தாள் இல்லை. அவருக்கு எப்படி விண்ணப்பிப்பது, எங்கே அனுபவச் சான்று வாங்குவது, எத்தனை சுற்று போடக் கூடாது என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் தயங்கி, "எவ்வளவுண்ணே செலவாகும்?" என்றார்.

"அத நீங்களே சொல்லிடுங்க. எப்படியும் கணக்கு வச்சிருப்பீங்க," என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

வைத்திருந்தேன். தேர்வுக் கட்டணம் இரண்டு தடவை, பஸ், கம்பி, ஏழு ஞாயிற்றுக்கிழமை டீசல், கூலி வாங்காமல் கட்டிய எலிவேட்டர் மோட்டார், எல்லாம் சேர்த்து சான்றிதழுக்கு மூவாயிரத்து இருநூற்று அறுபத்து நாலு ரூபாய் ஐம்பது காசு. கல்யாணத்தைப் பதிந்து முத்திரை வாங்கி, இவர்கள் இருவரையும் விமானம் ஏற்றி அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கப் பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பத்து. ஆக மொத்தம் இருபத்திரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்து நாலு ரூபாய் ஐம்பது காசு.